கச்சான் காற்றும் முழுக்கைச் சட்டையும்

விடிய அரை மணி இருக்கும்போதே உல்லைத் தெருவில் ஓட்டோக்கள் கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். இரண்டு தேநீர்க் கடைகளில் மட்டும் விளக்கு எரியும். ஆடி மாதம். மட்டக்களப்புக்குத் தெற்கே, இலங்கையின் கிழக்குக் கரை ஏறக்குறைய முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அறுகம் குடா இருக்கிறது. அந்தக் கரையோரச் சிற்றூரை உள்ளூர்க்காரர்கள் உல்லை என்கிறார்கள்.

குடாவின் வளைவில் அந்த நேரம் இரண்டு கூட்டம் கடலைப் பார்த்து நிற்கும். ஒன்று கரைவலை இழுக்க வந்தவர்கள். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துவாயைச் சுற்றியிருப்பார்கள். மற்றது அலைச்சறுக்கு ஆட வந்தவர்கள். மணிக்கட்டுவரை மூடிய இறுக்கமான மேலாடை, முழங்காலைத் தொடும் கால்சட்டை, மூக்கிலும் கன்ன எலும்பிலும் வெள்ளைப் பூச்சு. ஊர் வேறு, மொழி வேறு, கடலில் செய்யப்போகும் காரியமும் வேறு. ஆனால் பழக்கப்பட்டவர்கள் எல்லோரும் உடம்பை மூடிக்கொண்டே இறங்குகிறார்கள். தோளும் முதுகும் வெறுமையாக வந்து நிற்பவரைப் பார்த்தால், அவர் நேற்றிரவு பஸ்ஸில் வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

தீவுக்கு அலைப்பருவம் இரண்டு. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை தெற்கும் தென்மேற்கும்: ஹிக்கடுவை, வெலிகமை, மிரிஸ்ஸை. சித்திரை பிறந்த பின் ஐப்பசி வரை கிழக்கு. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் காலிப் பக்கத்துக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அதே காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவைத்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கும். மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை அதற்குக் கச்சான் என்று பெயர். இலங்கைத் தமிழில் வேர்க்கடலையும் கச்சான்தான். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இந்தக் கரையில் வயல் வெடிப்பதும், தோல் காய்வதும், குளம் சுருங்குவதும் இந்தக் காற்றால்தான்.

அலைச்சறுக்குக்கு வந்தவர்களுக்கோ அதுவே வரம். கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரைக்கு வரும் அலையின் முகத்தை எதிரே நின்று தடவிக்கொடுக்கிறது. அலை சட்டென்று உடைந்து விழாமல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முகம் சீவிவிட்ட தலைபோல வழவழவென்று ஆகிறது. அலை பிறந்த இடம் மிகத் தொலைவு. ஆப்பிரிக்காவுக்கும் தென்துருவத்துக்கும் இடைப்பட்ட பெருங்கடலில் இது குளிர்காலம். அங்கே எழும் புயல்கள் கிளப்பிவிடும் நீரோங்கல், இந்துப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, பல நாள் கழித்துக் குடாவின் முனையில் வந்து முட்டுகிறது. முனையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக ஒழுங்காக உடைந்துகொண்டே போகிறது. நல்ல நாளில் ஒரே அலையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் நின்றபடியே வரலாம். மெயின் பொயின்ட் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட இடம் இதுதான்.

கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டி லாகுகலைக் காட்டுக்குள் சாலை நுழையும்போது ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், யானைக்காக. மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு வழி வேறு: கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று கடலோரமாகவே நூறு கிலோமீட்டர் சொச்சம். பொத்துவிலைத் தாண்டினால் களப்பின் மேல் ஒரு நீண்ட பாலம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சிதைத்த பழைய பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியில் எழுந்தது அது. போர் நடந்த ஆண்டுகளிலும் அலையைத் தேடி இங்கே வந்து சேர்ந்தவர்கள் இருந்தார்கள். 2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று இங்கே நடந்தது.

இனி உடைக்கு வருவோம். அலைச்சறுக்கு உடை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒட்டிய கறுப்பு ரப்பர் உடை. அது குளிர்க்கடல் பெற்ற பிள்ளை. 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், உடலுக்கும் உடைக்கும் நடுவே தங்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உடற்சூடே வெதுவெதுப்பாக்கிவிடும் என்பதைக் கண்டு, நியோப்ரீனில் வெட்சூட்டை வடிவமைத்தார். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ'நீல் அந்த உடையை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டுசேர்த்தார். அந்தக் கடலில் அது இல்லாமல் அரை மணி தாங்க முடியாது. அறுகம் குடாவில் கோடைக்காலக் கடல்நீர் 27 முதல் 29 பாகை செல்சியஸ். இங்கே ரப்பர் உடை போட்டவர் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி தவிப்பார். விடியற்காலைக் கச்சானில் நனைந்த உடம்பு சிலிர்க்கும் ஒல்லியானவர்களும் குழந்தைகளும் மட்டும் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள மேற்சட்டை போட்டுக்கொள்வதுண்டு. ஏழரை மணிக்கு அதையும் கழற்றிக் கரையில் எறிந்துவிடுவார்கள்.

குளிர்க்கடலில் உடை சூட்டை உள்ளே பிடித்துவைக்க வேண்டும். வெப்பக் கடலில் அதன் வேலை தலைகீழ்: வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். அறுகம் குடா நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகைகூட வடக்கே இல்லை. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் அது அதிக தூரம் விலகிப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் புற ஊதாக் கதிரின் அளவை எண்களால் குறிக்கிறது. 11ஐ எட்டினாலே மிகக் கடுமை. வெப்ப மண்டலத்தில் தெளிந்த வானத்தோடு கூடிய நண்பகல் அந்த எண்ணைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப்போலக் கைகளைப் போட்டுக்கொண்டே இருப்பவரின் முதுகு, தோள், பிடரி, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் இரண்டு மணி நேரம் அசையாத கூரைபோல வெயிலுக்குத் திறந்து கிடக்கும்.

இதில் கச்சான் செய்யும் ஒரு வேலையை வந்தவர்கள் கவனிப்பதில்லை. ஈரத்தோலின் மேல் வறண்ட காற்று பட்டால் ஈரம் ஆவியாகித் தோல் குளிர்ந்துவிடுகிறது. வெயில் சுடுவது தெரிவதில்லை. இரவு படுக்கும்போதுதான் முதுகு எரியும். இந்தக் கரையில் வந்தவர்களுக்குச் சொல்லப்படும் புத்தி எளிமையானது: "மேல மூடிக்கிட்டு இறங்குங்க தம்பி, கச்சான் தெரியாமச் சுடும்." ஆண்டுக்கணக்கில் வலை இழுத்தவர்களின் அறிவு அது. அவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு நிற்பது ஏன் என்பதற்கும் அதுவே பதில்.

மூடுவதென்றால் எதனால்? கையில் இருக்கும் பருத்தி டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவதுதான் முதல்முறை வருபவர்கள் செய்யும் தவறு. பார்வைக்கு அது மூடுகிறது. ஆனால் வெள்ளைப் பருத்தியின் காப்பு எண் காய்ந்திருக்கும்போதே ஏழு போலத்தான் இருக்கும். நனைந்தால் மூன்றுக்கு இறங்கிவிடும். மூன்று என்றால், விழும் புற ஊதாக் கதிரில் மூன்றில் ஒரு பங்கு தோலுக்குப் போய்ச் சேர்கிறது. 50 என்று குறித்த துணியில் ஐம்பதில் ஒரு பங்குதான் நுழையும். துணிக்கு இப்படி எண் கொடுக்கும் வழக்கத்தைத் தரநிர்ணயமாகவே 1996இல் கொண்டுவந்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். தோல் புற்றுநோயால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகள் அவை. அந்த அக்கறை வேதனையில் பிறந்தது. தளர்வான பருத்திச் சட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. அலைக்கு அடியில் மூழ்கி எழும்போது நீரால் உப்பித் தலைக்கு மேல் ஏறி முகத்தை மூடிக்கொள்ளும். அடுத்த அலை வரும் நேரத்தில் கண் மறைவது ஆபத்து.

ஆகவே நைலானும் நீளும் நூலும் கலந்து நெய்த, உடம்போடு ஒட்டிய மேற்சட்டை. ரேஷ் கார்டு என்பது அதன் பெயர். நீளும் நூலை 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். லைக்ரா என்ற வணிகப் பெயரில் அது ஊர் ஊராகப் போனது. ரேஷ் என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் சிராய்ப்பு. பலகையின் மேல் கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்த்திருப்பார்கள். உப்பும் மணலும் அந்த மெழுகில் ஒட்டி உப்புத்தாள் போலாகிவிடும். அதன் மேல் வெறும் நெஞ்சும் வயிறும் உரசிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளே தோல் உரிந்து, மூன்றாம் நாள் கடல்நீர் பட்டதும் துள்ளவைக்கும். வெயில்காப்பு பிறகு வந்த பெருமை. இந்தச் சட்டை முதலில் பிறந்தது சிராய்ப்பைத் தடுக்கத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. தோள் மூட்டில் தையல் இருந்தால் துடுப்புப்போடும்போது அங்கேயே அறுக்கும். அக்குளுக்குக் கீழே தட்டையாகத் தைத்தது நல்லது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து வயிறு தெரிந்தால் இன்னும் நீளமானது வேண்டும். கால்சட்டையோடு கோத்துக்கொள்ள அடியில் ஒரு சிறு வளையம் வைத்த சட்டைகள் உண்டு. அலை உருட்டிப் போடும்போது சட்டை நெஞ்சுக்கு ஏறாமல் அது பிடித்துக்கொள்ளும். கடும் நிறம் வெளிர் நிறத்தைவிட அதிகக் கதிரைத் தடுக்கும். வெயிலில் கறுப்பு சூடேறும் என்று தயங்குபவர்களுக்கு, நீரில் இருக்கும்வரை அந்தக் கவலை வேண்டாம்.

இந்தச் சட்டைகளில் பலவற்றின் உள்பட்டையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையில் தைத்தது என்றிருக்கும். நாட்டின் மிகப்பெரிய ஏற்றுமதிப் பொருள் ஆடை. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்திலிருந்து வளர்ந்த தொழில் அது. எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் குழுமத்தில் நீச்சலுடைக்கென்றே லீனியா அக்குவா என்ற தனிப்பிரிவு இயங்குகிறது. தையல் இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உலகக் கடற்கரைகளுக்கு நீருடை தைத்து அனுப்பிய இந்த நாட்டில், நெடுங்காலம் கடலோரப் பெண்கள் அலையில் இறங்கவில்லை. அந்தக் கதைக்குப் போகும் முன் ஆண்களின் கால்சட்டையை முடித்துவிடலாம்.

1950களில் ஹவாய்த் தீவுகளில் வையனாய் என்ற ஊரில் எம். நீ என்ற தையற்கடை இருந்தது. பக்கத்து மகாஹா கடற்கரையில் பேரலை ஏறிய இளைஞர்கள், சாதாரண நீச்சலுடை அலையில் கிழிவதாலும் நழுவுவதாலும் அந்தக் கடையில் போய் உறுதியான துணியில் அளவெடுத்துக் கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் விற்கும் போர்டு ஷார்ட்ஸின் மூதாதை அதுதான். அதன் ஒவ்வொரு விவரத்துக்கும் காரணம் இருக்கிறது. பின்பக்கம் பித்தானோ உலோகமோ இருக்கக் கூடாது, பலகையைக் கீறும். இடுப்பில் நாடாவை முடிச்சுப் போட வேண்டும், இழுபட்டி அலைக்குத் தாங்காது. உள்ளே வலைத்துணி வைத்ததை விலக்க வேண்டும், தொடையை அறுக்கும். கடைகளில் அழகுக்கு வாங்கும் கடற்கரைக் கால்சட்டைக்கும் இதற்கும் தொலைவில் வேற்றுமை தெரியாது. நீரில் இறங்கிய பத்தாம் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாதத்துக்கு என்ன என்பதில் இங்கே இரண்டு கட்சி. மெயின் பொயின்ட்டில் அடியில் பாறையும் பவளத்திட்டும் உண்டு. முள்ளெலிபோன்ற கடல்முள்ளிகளும் உண்டு. நீர் வற்றிய நேரத்தில் ரப்பர்ச் செருப்பு போட்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பலகையைப் பாதத்தால் உணராவிட்டால் திருப்ப முடியாது என்று வெறுங்காலோடு இறங்குபவர்களே அதிகம். கற்கத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அவர்களைப் பயிற்றுநர்கள் குடாவின் உட்பக்கம் மணலடியுள்ள பேபி பொயின்ட்டுக்கோ, வடக்கே ஓட்டோவில் இருபது நிமிடத் தொலைவில் உள்ள விஸ்கி பொயின்ட்டுக்கோ அழைத்துப்போகிறார்கள். கணுக்காலில் கட்டும் கயிறு, அதாவது லீஷ், எல்லோருக்கும் கட்டாயம். 1971இல் ஓ'நீலின் மகன் பேட் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், இழுபட்டுச் சுண்டிய பலகை தாக்கி ஜாக் ஓ'நீல் இடக்கண்ணை இழந்தார். இன்றைய கயிறு அப்படிச் சுண்டாத பொருளில் செய்யப்படுகிறது.

துணி மூடாத இடத்துக்குப் பூச்சு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு என்று 2021 ஜனவரி 1 முதல் ஹவாய் அவை கலந்த பூச்சுகளின் விற்பனையைத் தடுத்தது. துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டிப் பூச்சு அவற்றுக்கு மாற்று. முகத்தில் வெள்ளையாகத் தெரியும், வியர்வைக்கும் நீருக்கும் எளிதில் போகாது. மேலே முழுக்கை, கீழே முழங்கால்வரை என்று மூடிவிட்டால் பூச வேண்டிய இடம் மிகக் குறைவு. ஒரு குப்பி பருவம் முழுதும் வரும். பவளத்துக்கு நன்மை செய்யும் எளிய வழி நீளமான கை வைத்த சட்டைதான் என்று தயங்காமல் சொல்லலாம். கண்ணையும் மறக்கலாகாது. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் இருப்பவர்களுக்கு வெள்விழியிலிருந்து கருவிழி மேல் ஒரு சதைப்படலம் வளர்வதுண்டு. மருத்துவர்கள் அதை அலைச்சறுக்குக்காரர் கண் என்றே சொல்வார்கள். மீனவர்களிடமும் அதைப் பார்க்கலாம். தாடைக்கு அடியில் கட்டும் விளிம்புத் தொப்பி அதற்காகத்தான்.

உல்லையில் வசிப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பொத்துவிலில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் இருக்கிறார்கள். மூன்று சமூகத்திலும் ஆண்பிள்ளைகள் அலையில் ஏறினார்கள். சிலர் சுற்றுலாப் பயணிகள் விட்டுச்சென்ற உடைந்த பலகைகளில் தொடங்கி நாட்டின் முன்னணி வீரர்களாகவும் ஆனார்கள். பெண்பிள்ளைகள் கரையில் நின்றார்கள். வெயிலில் கறுத்துவிடுவாய், யார் கட்டுவான் என்பது ஒரு காரணம். வீட்டுவேலை ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே உடை. அலைச்சறுக்கு என்றால் வெளிநாட்டுப் பெண்கள் அணியும் பிகினி என்றே ஊர் கண்டிருந்தது. அதைப் போட முடியாது என்பதால் அந்த விளையாட்டே தங்களுக்கில்லை என்றானது.

அந்தக் கணக்கை மாற்றியவர்கள் உள்ளூர்ப் பெண்களே. ஷமலி சஞ்சயவின் வீட்டில் அலைச்சறுக்கு புதிதல்ல. அண்ணன் பெயர்பெற்ற வீரர். கலிஃபோர்னியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறிய டிஃபனி கேரதர்ஸ் கூடத் துணைநின்றார். 2018இல் அறுகம் குடா பெண்கள் அலைச்சறுக்குச் சங்கம் உருவானது. பெண்களுக்கென்றே இலங்கையில் தோன்றிய முதல் அலைச்சறுக்குச் சங்கம் அது, தலைவர் ஷமலி. அவர்கள் நீரில் இறங்கும் உடையைப் பார்த்தால் முன்னர் சொன்ன எல்லாமே நினைவுக்கு வரும்: முழுக்கை லைக்ராச் சட்டை, கணுக்கால்வரை லெகிங்ஸ், சிலருக்கு அதன் மேல் அரைக்கால்சட்டை. ஊரின் கண்ணுக்காக மூடிய உடை. அதே உடை வெயிலுக்கும் மெழுகுக்கும் பவளத்துக்கும் மிகப் பொருத்தமானதாகவும் இருந்தது.

இதற்கு நிகரான ஒரு கதை ஆஸ்திரேலியாவிலும் உண்டு. 2004இல் சிட்னியில் அஹீடா ஸனெட்டி, தலைமுடியையும் உடலையும் மூடும் நீருடையை வடிவமைத்து புர்கினி என்று பெயரிட்டார். 2005 டிசம்பரில் சிட்னியின் குரோனல்லாக் கடற்கரையில் இனக்கலவரம் நடந்தது. அதன்பின் கடற்கரை உயிர்காப்புப் படையில் எல்லாச் சமூகத்தினரையும் சேர்க்கும் முயற்சி எடுக்கப்பட்டு, மெக்கா லாலா என்ற இளம்பெண் அந்த உடையின் சிவப்பு மஞ்சள் வடிவத்தை அணிந்து உயிர்காப்பாளராக நின்றார். ஒரு பெண்ணைக் கடலுக்குள் விட்டது ஒரு தையற்காரியின் யோசனை. ஆனால் இதைத் திருப்பிப்போட்டு, மூடினால்தான் ஒழுக்கம் என்று வாதிப்பதும் தவறு. 1820இல் ஹவாய்க்கு வந்த கிறித்தவ மதப்பரப்புநர்கள் வெற்றுடம்பைப் பாவமென்று சொல்லி உடை போர்த்தினார்கள். அதுவரை ஆணும் பெண்ணும், அரசனும் குடியானவனும் ஒன்றாக ஏறிய அலையில், கொள்ளைநோய்களால் மக்கள்தொகை சரிந்த அதே காலத்தில், கூட்டமும் குறைந்தது. அங்கே உடை கதவை மூடியது, இங்கே திறந்தது. போட்டுக்கொள்பவர் தானே தேர்ந்ததா என்பதுதான் இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு.

பெண்கள் அலையில் இறங்கும் இந்த மாற்றம் வங்காள விரிகுடாவின் தமிழ்நாட்டுக் கரையிலும் நடந்துகொண்டிருக்கிறது. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி, 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டி. அதே ஊர்ச் சிறுமி கமலி மூர்த்தி வெள்ளைக் கவுன் போட்டு வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் இறங்கிவரும் படம் உலகம் சுற்றியது. அவரைப் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இன்று அவர் முழுக்கைச் சட்டை போட்டு இந்திய அணிக்காக அலையேறுகிறார்.

அறுகம் குடாவுக்கு வந்திருப்பவர்களுக்கு ஓர் ஊர் வழக்கு உண்டு. எழுதி ஒட்டாவிட்டாலும் கடைப்பிடிக்க வேண்டியது. மணலில் எதுவும் போடலாம். மணலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் மேலே ஒரு சட்டையும் இடுப்பில் ஒரு சாரமும். பள்ளிவாசல் முன்னாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் ஈரப் பிகினியோடு மோட்டார் சைக்கிளில் போகும் காட்சி ஊர்க்காரர்களை வருத்துகிறது. பொத்துவில் கடைத்தெருவில் எண்ணற்ற நிறங்களில் கிடைக்கும் சாரம் ஒன்றை வாங்கினால் போதும். அதுவே உடைமாற்றத் திரை, துவட்டும் துணி, பஸ்ஸில் போர்வை, பலகையைச் சுற்றிக் கட்டும் உறை. இந்தப் பருவத்துக்காக ஒரே ஒரு பொருள் வாங்க முடியுமென்றால், நைலான் சட்டைக்கு அடுத்தபடி அதைத்தான் வாங்க வேண்டும்.

பத்து மணிவாக்கில் கடற்காற்று திரும்பி அலை கலையும்போது தெற்கே போகலாம். யானைப் பாறை, பீனட் ஃபார்ம் என்று அலைமுனைகள் ஒவ்வொன்றாக வரும். இடையிடையே சிறு களப்புகள். அவற்றில் முதலைகள் உண்டு. 2017இல் யானைப் பாறைப் பக்கம் ஓர் இளம் பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை கொண்டுபோனது. கடலில் ஆடிவிட்டு, உப்புக் கழுவ நன்னீர்க் களப்பில் இறங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் பாணமை. தமிழும் சிங்களமும் கொண்டு கொடுத்துக் கலந்த பழைய ஊர். சட்டித் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட இங்கே நிறுத்தாமல் போவது நியாயமில்லை. ஊர் முடிந்ததும் செம்மண் பாதை, முட்புதர், மயில், யானை லத்தி.

பாதையின் முடிவில் உகந்தை. அலைச்சறுக்கு வரைபடங்களில் ஒகந்த என்று குறித்திருக்கும் முனை இதுதான். முருகன் படகேறி வந்து கரையிறங்கிய இடம் என்பது ஐதீகம். பாறைக்குன்றின் அடியில் முருகன் கோயில், மேலே வள்ளியம்மன். கோயிலைக் கடந்தால் குமணக் காட்டின் வாசல்.

அலைப்பருவம் உச்சத்திலிருக்கும் அதே ஆனி, ஆடியில்தான் கதிர்காமப் பாதயாத்திரையும். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரை நெடுக வாரக்கணக்கில் நடந்து வருபவர்களும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சேர்ந்துகொண்டவர்களுமாகப் பல்லாயிரம் பேர் காட்டுவாசல் திறப்பதற்காக உகந்தையில் காத்திருப்பார்கள். அங்கிருந்து குமணை, கும்புக்கன் ஆறு, யால காடு என்று நாட்கணக்கில் நடை. அவர்கள் உடுத்தியிருப்பதும் இந்த வெயிலைப் படித்துத் தேர்ந்த உடைதான். ஆண்களுக்குக் காவியோ வெள்ளையோ வேட்டி, தோளிலும் தலையிலும் துண்டு. பெண்களுக்கு நூல்சேலை, முந்தானை தலைக்கு மேல். பருத்தி கடலுக்கு ஆகாது. வறண்ட நிலத்தில் மணிக்கணக்காக நடப்பவருக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. நனைத்துத் தலையில் போட்டால் கச்சானே அதைக் குளிர்விக்கும் இயந்திரமாக்கிவிடும். கடலில் தோலை ஏமாற்றும் அதே காற்று, காட்டுவழியில் காப்பாற்றுகிறது.

அந்த நாட்களில் உகந்தைக் கரையில் மாலை நாலரை மணிக்குக் காணக்கிடைப்பது வேறெங்கும் வாய்க்காது. முனையருகே ஏழெட்டுப் பேர் பலகைமேல் உட்கார்ந்து தெற்குத் தொடுவானைப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம், பச்சைச் சட்டைகள். உட்புற மணலில் யாத்திரிகர்கள் சேலையோடும் வேட்டியோடும் இறங்கி, பெரியவர்கள் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுகிறார்கள். ஓர் அலை முனையைச் சுற்றி வளைகிறது. பச்சைச் சட்டைக்காரி அதில் எழுந்து நின்று கரைவரை வந்துவிடுகிறாள். குளித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, அரோகரா என்று குரல் கொடுக்கிறார். கூட நின்ற பிள்ளைகளும் கத்துகிறார்கள். பெண் சிரித்துக்கொண்டே பலகையைத் திருப்பி மறுபடி உள்ளே போகிறாள்.

இருட்டுவதற்குள் ஓட்டோக்காரர் புறப்படச் சொல்லிவிடுவார், வழியில் யானை நிற்கும். கோயிலுக்கு எதிரே மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கயிற்றில் வேட்டிகளும் சேலைகளும் காய்கின்றன. இடம் கேட்டுவிட்டு, பலகைக்காரர்களும் தங்கள் லைக்ராச் சட்டைகளை அதன் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். அவை எடையில்லாததால் கால்மணியில் காய்ந்துவிட்டன. நூல்சேலைகள் இன்னும் சொட்டுகின்றன. கச்சான் மறுபடி நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கயிறு முழுவதும் ஒரே பக்கமாகப் படபடக்கிறது.